கமிஷன் அடிச்சாங்களா, டிச்சே போடலையா?

குழு: மேல்தெரு – கீழ்தெரு அக்கம்பக்கம்

ரவி (7:12): போட்டோ பாருங்க. மேல் வளைவுல சிமென்ட் ரோடு பாளம் பாளமா பேந்து நிக்குது. ஒரு மழைக்காலம்கூட தாங்கல. கவுன்சிலர்ல இருந்து எம்.பி. வரைக்கும் எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. அடுத்த தடவை நோட்டாதான்.

சாந்தி அக்கா (7:15): 👏👏

ஷாஹுல் பாய் (7:20): தம்பி, நோட்டா 2013-லயே வந்துச்சு. சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தல்ல நோட்டாவுக்கு எல்லாரையும்விட அதிகம் விழுந்தாலும், வேட்பாளர்ல யார் முன்னாடியோ அவர்தான் ஜெயிப்பார். கோவத்தைக் காட்டலாம், ரோடு வராது.

விமலா டீச்சர் (7:26): ரவியை மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல. லோக்நிதி ஆய்வு அமைப்போட சர்வேயில, ஜனங்க நம்பற பட்டியல்ல பெரும்பாலும் ராணுவம் உச்சியில, அரசியல் கட்சி அடியிலதான் வரும். ஜனங்க நம்பிக்கை அந்த அளவுதான்.

போஜன் அண்ணா (7:31): நம்பிக்கை இருக்கட்டும் டீச்சர். அது யார் காசுல போட்ட ரோடு, யாருக்காவது தெரியுமா?

ரவி (7:32): கல்வெட்டுல பேரு இருக்கே அண்ணா, பெரிய எழுத்துல.

போஜன் அண்ணா (7:40): பேருக்குக் கீழ சின்ன எழுத்துல எந்த நிதின்னு இருக்கும், அதைப் படி. எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி. எம்.பி.க்கு 5 கோடி. நம்ம நீலகிரி எம்.பி. தொகுதியில ஊட்டி, குன்னூர், கூடலூரோட மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் சேர்த்தி. ஆறா பிரிச்சா ஒண்ணுக்கு 83 லட்சம் சொச்சம். அதுலயும் அவர் சிபாரிசுதான் பண்ணலாம், அனுமதி கலெக்டர் ஆபீஸ்ல. மேட்டுப்பாளையம்–ஊட்டி ரோடு தேசிய நெடுஞ்சாலை 181, அங்க குழின்னா கவுன்சிலரைப் பிடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. யார் வேலை எதுன்னு தெரியாம எல்லாரையும் ஒரே வாயில திட்டறோம், எல்லாரும் தப்பிச்சுக்கறாங்க.

ஷாஹுல் பாய் (7:44): கூடலூர்ல செக்‌ஷன் 17 நிலம் அப்படித்தான். 1969 ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துல மாட்டி, யாருக்குப் பாத்தியதைன்னு முடிவாகாத நிலம். ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டா, கரன்ட்னு வாக்கு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்க் கிடக்கு. ஒரு எம்.எல்.ஏ. கையெழுத்துல முடியற விஷயமா? முடியாதுன்னு சொல்ற வேட்பாளரை நான் பாத்ததில்ல.

தீபா (8:02): போட்டோவை ஜூம் பண்ணிப் பாத்தேன். ரவிண்ணா, உடைஞ்ச பாளத்துக்கு அடியில மண்ணு இருக்கா, வெத்தா இருக்கா? கம்பியால தட்டிப் பாருங்க. டொக்டொக்குன்னு கேட்டா உள்ள காலி.

ரவி (8:19): காலி. கை உள்ள போகுது. தண்ணி ஓடின தடம் இருக்கு.

தீபா (8:27): அப்ப சிமென்ட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. மேட்டுப்பக்கம் தண்ணி வடிய சைடு டிச் இல்ல. மேல இருந்து வர்ற தண்ணி பாளத்துக்கு அடியில பூந்து மண்ணை அரிச்சிருக்கு. பாளம் பலகை மாதிரி அந்தரத்துல நின்னிருக்கும், லோடு வண்டி ஏறினதும் முறிஞ்சிருச்சு. டிச் எஸ்டிமேட்ல இருந்தும் போடலைன்னா திருட்டு. எஸ்டிமேட்லயே இல்லைன்னா பிளான் போட்ட ஆளோட தப்பு. ரெண்டுக்கும் கேக்க வேண்டிய இடம் வேற.

தீபா (8:29): கனமும் அளங்க. ஆனா ஓரத்துல மட்டும் வேண்டாம். ஓரத்துல கனம் நடுவுல இருக்கறதைவிட மாறியிருக்கலாம். ஓரம், நடு, ஜாயின்ட், மூணு இடம். அடியில ஜல்லி லேயர் இருந்தா அதைச் சேக்காதீங்க. பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோ.

சாந்தி அக்கா (8:33): பனி காலத்துல போட்டாங்களே, அதுவும் காரணமா?

தீபா (8:36): இருக்கலாம் அக்கா. குளிர்ல சிமென்ட் மெதுவாதான் இறுகும். கீழ கோயம்புத்தூர்ல சிமென்ட் இறுகத் தண்ணி கட்டற நாள் கணக்கு இங்க பத்தாது. மேல விரலால தேச்சா மாவு மாதிரி வந்துச்சுன்னா அதையும் எழுதிக்கலாம்.

விமலா டீச்சர் (8:48): ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டுரலாம். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர்னு விலாசம், போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சியோட ஸ்பீட் போஸ்ட். “ஏன் ரோடு உடைஞ்சது”ன்னு கேட்டா பதில் வராது. அவங்க இருக்கற காகிதத்தோட நகல்தான் தரணும், விளக்கம் தரணும்னு இல்ல. “ரோடு பத்தி எல்லா விவரமும்”னு கேட்டாலும் தட்டிக்கழிப்பாங்க.

ரவி (8:50): பின்ன எப்படி கேக்கறது?

விமலா டீச்சர் (8:57): தெரு பேரு, வேலை பேரு, வருஷம் போட்டு: எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு, ஒப்பந்த நகல், எம்-புக்ல (வேலை அளவு எழுதற புத்தகம்) இந்த வேலைக்கான பக்கங்கள், பில் நகல். அஞ்சு போதும். பக்கத்துக்கு 2 ரூபா கேப்பாங்க. 30 நாள்ல பதில் வரணும். வராட்டி அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லைன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம். பாதிப் பேரு கோட்டை விடறது முதல் மேல்முறையீட்டுத் தேதியில, காலண்டர்ல குறிச்சு வைங்க. இன்னொண்ணு, பிரிவு 2(ஜே) படி வேலையை நேர்ல பாக்கவும், பொருள் மாதிரி எடுக்கவும்கூட கேக்கலாம்.

போஜன் அண்ணா (9:05): ஒப்பந்தம் முக்கியம். இத்தனை காலத்துக்குள்ள கெட்டா கான்ட்ராக்டர் சொந்தச் செலவுல சரி பண்ணணும்னு அதுல இருக்கும். அந்தக் காலம் முடியறதுக்குள்ள எழுத்துல புகார் போயிருக்கணும். போன்ல சொன்னது செல்லாது.

போஜன் அண்ணா (9:07): எம்-புக்ல டிச் அளவு எழுதிப் பில்லும் வாங்கியிருந்தாங்கன்னா, அப்ப ரவி சொன்ன குட்டை, மட்டை எல்லாம் பேசலாம். 😄

சாந்தி அக்கா (9:10): கவுன்சிலர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டே செய்யலாமே. நாளைக்கு முகம் பாக்கணும்.

ஷாஹுல் பாய் (9:12): சொல்லலாம்மா. வார்டு ஜனங்க பேசற பகுதி சபா கூடும்போது தீர்மானமா எழுதச் சொல்லுங்க. அவருக்கும் ஆபீஸ்ல கேக்க ஒரு காகிதம் கிடைச்ச மாதிரி.

ரவி (9:20): சரி. டேப் என்கிட்ட இருக்கு. ஸ்டாம்ப் யாரு வாங்கறீங்க?

விமலா டீச்சர் (9:21): நான் வாங்கறேன். மனு ஒரே ஆள் பேருல போகட்டும், குழு பேருல வேண்டாம், திருப்பி அனுப்புவாங்க.

தீபா (9:24): அளக்க 3 மணிக்கே வாங்க, மஞ்சு மூடிட்டா போட்டோ ஒண்ணும் தெரியாது.