விதை மட்டுமே தின்னும் பட்ஜி ஜோடி: பெண் கொழுக்கிறது, ஆண் இளைக்கிறது

மாடிக்கூண்டு:
இரண்டு வயது பட்ஜி (சின்னக் கிளி வகை) ஜோடி, தாம்பரம் பக்கம். தீனி, கடையில் வாங்கும் மிக்ஸ்: தினை, கம்பு, அதோடு சூரியகாந்தி விதை தாராளமாக. கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கும். கடல் நுரை (கால்சியத்துக்கான கணவாய் ஓடு) ஒன்று தொங்குகிறது. கேரட், ஆப்பிள், கீரை எதை வைத்தாலும் கிட்டேகூட வருவதில்லை. பெண் 47 கிராம், அலகு நீண்டு வளைகிறது. ஆண் 34 இருந்தது, இப்போது 31. ஆனால் நாள் முழுக்கக் கிண்ணத்தில்தான் தலை. தீனியை எப்படி மாற்றுவது? தண்ணீரில் கலக்கும் விட்டமின் சொட்டு போதுமா? ஆண் இளைப்பதற்கும் தீனிதான் காரணமா?

தினைக்கதிர்:
முதலில் இரண்டையும் தனித்தனிக் கூண்டில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றாக இருக்கும்வரை எது எவ்வளவு தின்கிறது, எந்த எச்சம் எதனுடையது என்று தெரியாது. பெண்ணுக்குத் தீனியை மாற்றலாம். ஆணுக்கு இப்போது மாற்றவே கூடாது. எடை குறைகிற பறவைக்குப் பழகிய விதை தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

கிண்ணம் "நிறைந்தே இருக்கும்" என்கிறீர்களே, அதை ஒருமுறை வாயால் ஊதிப் பாருங்கள். பட்ஜி உமியை நீக்கிவிட்டுத்தான் பருப்பை விழுங்கும். உமி அதே கிண்ணத்தில் விழுந்து விதை மாதிரியே மேலே கிடக்கும். அடியில் ஒன்றுமில்லாமல் பறவை பட்டினி கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. தினமும் காலையில் இரண்டு கிண்ணத்திலும் உமியைக் கொட்டிவிடுங்கள். பெண்ணுக்கு அளந்து போடுங்கள்: வளர்ந்த பட்ஜி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன்.

பெண்ணின் மிக்ஸில் சூரியகாந்தியை அடியோடு எடுத்துவிடுங்கள். அதன் பருப்பில் பாதி கொழுப்பு. தினை, சாமை, பனிவரகில் நூற்றுக்கு நாலைந்துதான். கூண்டுக்குள் உட்கார்ந்தே இருக்கும் 35 கிராம் பறவைக்கு அந்தக் கொழுப்பு ஈரலில்தான் போய்ச் சேரும். தினை, சாமை, பனிவரகு, கிடைத்தால் கேனரி விதை, இவை போதும். ஆனால் எந்த விதையை எப்படிக் கலந்தாலும் விட்டமின் ஏ, கால்சியம், அயோடின் மூன்றும் தேறாது. முதல் இரண்டுக்காகத்தான் கீரை.

கீரையைத் தொடாததற்குக் காரணம் பிடிக்காதது அல்ல, அது உணவு என்றே தெரியாதது. நறுக்கிக் கிண்ணத்தில் வைத்தால் பல பட்ஜிகள் மிரளும். முருங்கைக் கீரையையோ கொத்தமல்லியையோ கொத்தாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்க வரும், அப்படியே கிள்ளும். பெண்ணுக்கு விடிந்ததும் முதலில் இது, ஒரு மணி நேரம் கழித்து விதை. அந்தப் பசி போதும், அதற்கு மேல் காயப்போடாதீர்கள். கொத்துக்குள் ஒரு தினைக்கதிரைச் செருகி வைத்தால் இன்னும் சுலபம். துருவிய கேரட்டின் மேல் விதையைத் தூவி வைப்பதும் வேலை செய்யும். விதையை எடுக்கப்போய் கேரட் வாயில் ஒட்டும். சில பறவைக்கு வாரக்கணக்கில் ஆகும், விடாமல் வையுங்கள்.

சிறகடி:
கீரை விஷயத்தில் ஒரு திருத்தம். பாலக், முளைக்கீரை, தண்டுக்கீரை தினமும் வேண்டாம். அவற்றின் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டையிடும் பெண்ணுக்கு அது நேரடி நஷ்டம். கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மருந்து அடித்த கீரை இந்த எடைக்குத் தாங்காது. நம் ஊர்ச் சூட்டில் கீரையோ முளைகட்டிய தானியமோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. கீரை தின்ற அன்று எச்சம் தண்ணீராகப் போகும். அது வயிற்றுப்போக்கு அல்ல, சிறுநீர் கூடுதலாக வருகிறது, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதி உருவம் மாறாமல் இருந்தால் பயம் வேண்டாம்.

விட்டமின் சொட்டு வேண்டாம். தண்ணீரில் கலந்த விட்டமின் வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் சத்திழக்கும், கிண்ணத்தில் பாக்டீரியா வளரும், ருசி மாறினால் பறவை குடிப்பதையே குறைத்துவிடும். அயோடினுக்கு, அயோடின் சேர்த்த மினரல் கட்டி ஒன்று தொங்கவிடுங்கள். விதையே கதியென்று இருக்கும் பட்ஜிக்குத் தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். மூச்சுவிடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மணல், கிரிட் (பொடிக்கல்) தேவையில்லை, உமி நீக்கித் தின்னும் பறவைக்கு அதனால் பயன் கிடையாது. காலை இளவெயில் நேரடியாகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் விட்டமின் டி உண்டாகாது. கூண்டில் பாதி நிழலாக இருக்கட்டும், பூனையும் காக்கையும் கவனம்.

பெண்ணின் அலகை நகவெட்டியால் வெட்டிவிடாதீர்கள். உள்ளே ரத்த நாளம் ஓடுகிறது. கொழுத்த பட்ஜிக்கு அலகு வேகமாக வளர்ந்து, அதில் கருஞ்சிவப்புக் கறைகளும் தெரிந்தால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும். அலகோரத்தில் தேன்கூடு மாதிரி துளைத் துளையாகச் சாம்பல் பொருக்கு இருந்தால் அது வேறு, செதிள் பூச்சி. ஐவர்மெக்டின் கேட்கும், ஆனால் அளவை எடை பார்த்து டாக்டர்தான் போட வேண்டும். மாட்டுக்கு வாங்கிய மருந்தில் ஒரு சொட்டு என்று போட்டால் பறவை போய்விடும்.

மாடிக்கூண்டு:
நன்றி. ஊதிப் பார்த்தேன், ஆணின் கிண்ணத்தில் நிஜமாகவே விதை இருக்கிறது. தின்கிறது. எச்சத்தில் முழுத் தினை போல ஏதோ தெரிகிறது. கடையில் ஆன்டிபயாட்டிக் பொடி தருகிறேன் என்கிறார்கள், கலக்கலாமா?

சிறகடி:
கலக்காதீர்கள். ஓயாமல் தின்றும் இளைப்பது, செரிக்காத விதை எச்சத்தில் வருவது, இரண்டும் சேர்ந்தால் முதல் சந்தேகம் மேக்ரோராப்டஸ். பழைய பெயர் மெகாபாக்டீரியா. அந்தப் பெயரால்தான் எல்லோரும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கெடுக்கிறார்கள். அது இரைப்பையில் வளரும் ஈஸ்ட், பூஞ்சை வகை. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. புது எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீளக் குச்சிகளாகத் தெரியும், ஆனால் ஒருமுறை தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. ஆம்போடெரிசின் பி வாய்வழியாகக் கொடுப்பதுதான் வழக்கம். பெண்ணிடமும் இருக்கலாம், அதன் எச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரைக்கோமோனாஸ் மாதிரி வேறு தொற்றிலும் இளைக்கும், அதனால் நாமே முடிவு கட்ட வேண்டாம்.

34-லிருந்து 31 என்றால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம். பத்தைத் தொட்டால் அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிவரை காத்திருக்காதீர்கள். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான்.

தினைக்கதிர்:
அதுவரை தினமும் ஒரே நேரத்தில், காலைத் தீனிக்கு முன்னால், ஒரு கிராம் காட்டும் சமையல் தராசில் எடை எழுதுங்கள். சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளியே 40 வாட் பல்பு வையுங்கள், அங்கே 28 முதல் 30 டிகிரி இருக்கட்டும், சூடு அதிகமானால் நகர்ந்துபோக மறுபக்கம் இருக்க வேண்டும். இந்த மே வெயிலில் பகலில் அது தேவைப்படாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே அணைத்துவிடுங்கள். சிரிஞ்சில் கஞ்சி ஊட்ட வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். அந்த அறையில் கொசுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம் கூடாது. நான்-ஸ்டிக் தவா காய்ந்து வரும் புகை நோயில்லாத பட்ஜியையே நிமிஷத்தில் கொல்லும்.

கொண்டுபோகும்போது கூண்டைக் கழுவாதீர்கள். அடியில் வெள்ளைத்தாள் விரித்து அன்றைய எச்சத்தோடு அப்படியே எடுத்துப்போங்கள், தீனி மிக்ஸில் ஒரு கைப்பிடியும் எடை எழுதிய தாளும் கூடவே. ஊஞ்சல், தண்ணீர்க் கிண்ணம் இரண்டையும் கழற்றிவிட்டு, வழியில் ஈரத்துக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய் செருகினால் போதும்.