பழைய ஆங்கிலேயப் படம்: மெஸ்ஸோடின்ட்தானா? ஐப்பசி மழைக்கு முன் என்ன செய்யலாம்?

குடந்தைக்காரன்:
கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அச்சுப் படம். கன்னத்தில் கைவைத்து யோசனையில் அமர்ந்திருக்கும் பெண். பின்புலம் ஒரே இருட்டு, முகத்திலும் தோளிலும் மட்டும் வெளிச்சம். ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள், ஒரு மூலையில் பூசணம். சட்டம் போடும் கடையில், ரப்பரால் துடைத்து பிளைவுட்டில் ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

செப்புத்தகடு:
கொடுக்காதீர்கள் சார். தஞ்சாவூர் ஓவியத்தைப் பலகையில் ஒட்டலாம், இதை ஒட்டக்கூடாது.

முதலில் என்ன அச்சு என்று பாருங்கள். நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) போதும். கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடத்தைப் பாருங்கள். மெஸ்ஸோடின்ட் என்பது உலோகத் தகட்டில் வேலை செய்து மை பூசி அச்சடிக்கும் முறை. அதில் ராக்கர் என்ற பல்வைத்த கருவியை ஆட்டி ஆட்டித் தகடு முழுவதையும் பல திசைகளில் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே அச்சடித்தால் முழுக் கறுப்பு. வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டி மழமழப்பாக்குவதுதான் வேலை. அதனால் இடைப்பட்ட நிழலில் குறுக்கும் நெடுக்குமாக நுண்புள்ளி வரிசைகள் தெரியும். சீரான கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் பிற்காலப் புகைப்பட அச்சு. தகட்டு விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடத்தை மட்டும் நம்பாதீர்கள், புகைப்படத்தை உலோகத் தகட்டுக்கு மாற்றி அச்சடிக்கும் போட்டோகிராவூரிலும் அது இருக்கும்.

கீழே இடப்பக்கம் ஓவியர் பெயர், வலப்பக்கம் செதுக்கியவர் பெயர், நடுவில் பதிப்பாளரும் தேதியும் இருக்கிறதா? இங்கிலாந்தின் 1735 சட்டப்படி பதிப்புத் தேதியைத் தகட்டிலேயே பொறிக்க வேண்டும்.

குடந்தைக்காரன்:
புள்ளி வரிசை தெளிவாகத் தெரிகிறது. தேதியில் 1831 மட்டும் படிக்க முடிகிறது. கூந்தலிலும் இமையிலும் மெல்லிய கோடுகள் இருக்கின்றன.

செப்புத்தகடு:
அப்படியானால் எஃகுத் தகடாக இருக்க வாய்ப்பு அதிகம். செம்பில் கொத்திய பிசிறு சீக்கிரம் தேயும், நூறு இருநூறு பிரதிக்குள் கறுப்பு சாம்பலாகிவிடும். 1822 வாக்கில் தாமஸ் லப்டன் எஃகில் செய்து காட்டிய பிறகு ஆயிரத்துக்கு மேல் அடிக்க முடிந்தது. ஆனால் எஃகில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது. அதை ஈடுகட்டத்தான் அமிலத்தால் அரித்த கோடுகளையும் சேர்த்தார்கள்.

தஞ்சைக்_காகிதம்:
ரப்பர் வேண்டவே வேண்டாம். இந்தக் கறுப்பில் மை கனமாக, காகிதத்தின் மேலேயே நிற்கிறது. ஒரு தடவை தேய்த்தாலும் அங்கே பளபளப்பு ஏறும், அது போகாது. சூடான அழுத்த லேமினேஷனும் கூடாது.

கண்ணாடியோடு காகிதம் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மை கண்ணாடியோடு வந்துவிடும். அதைக் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் சட்டத்திலிருந்து எடுத்து, மற்ற காகிதங்களிலிருந்து விலக்கி, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, N95 முகமூடி போட்டு, வெளித் திண்ணையில் வைத்து, வெள்ளை ஓரத்தில் இருக்கும் பூசணத்தை மட்டும் மென்மயிர்த் தூரிகையால் தள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது தொட்டால் உள்ளே இழுகிவிடும். பழுப்புப் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும். பிளீச்சிங் போட்டால் காகிதம் நொறுங்கும்.

அமிலமற்ற மவுண்ட் அட்டையில் ஜன்னல் வெட்டி, கண்ணாடிக்கும் படத்துக்கும் 2 மி.மீ. இடைவெளியாவது விடச் சொல்லுங்கள். மேல்விளிம்பில் இரண்டே இடத்தில் ஜப்பானியத் தாள் (மெல்லிய, உறுதியான காகிதம்) பட்டை. நாலு பக்கமும் ஒட்டினால் கார்த்திகையில் உப்பி, சித்திரையில் இழுத்துக் கிழியும். பட்டைக்கு வெறும் ஸ்டார்ச் பசைதான். பைண்டிங் கடைப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும், அதில் இருக்கும் செம்பு காகிதத்தை அரிக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அதைக் கேட்காதீர்கள், சட்டத்தின் பின்பக்கத்தை இடைவெளி இல்லாமல் மூடினாலே போதும்.

ஆற்றுப் பக்கத்து வீடுகளில் சுவரில் ஓதம் ஏறும். மழைச் சாரல் படாத உள்சுவராகப் பார்த்து, சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் 1 செ.மீ. தக்கை வைத்து மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.