கோப்பெர்ல், 1960: நள்ளிரவில் 60 டிகிரி வெப்பம் ஏற்பட்டிருக்க முடியுமா?

செங்கதிர்:
1960 ஜூன் 15 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், டெக்சாஸ் மாநிலத்தின் கோப்பெர்ல் என்னும் சிற்றூரின் மேல் ஓர் இடிமழை ஓய்ந்து அடங்கிக்கொண்டிருந்தது. அப்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அனல்காற்று வீசியதாகவும், வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸை நெருங்கியதாகவும் ஊரார் கூறினர். தாய்மார் பிள்ளைகளை ஈரத்துணியில் சுற்றிக் காத்தனர். விடிந்து பார்த்தபோது பருத்தியும் மக்காச்சோளமும் கருகி நின்றன. வானிலையாளர்கள் இத்தகைய நிகழ்வை 'ஹீட் பர்ஸ்ட்' என்பர்; இங்கே வெப்பவெடிப்பு என்று குறிப்பிடுகிறேன். அந்த 60 டிகிரியை ஆய்வாளர்கள் இன்றும் ஏற்பதில்லை. அதிகாரபூர்வ வானிலை நிலையம் அங்கே இல்லாமல் போனது ஊராரின் குற்றமா? ஓர் ஊரே கண்டு சொன்னதைக் கருவிப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒதுக்குவது முறையல்ல என்பது என் நிலைப்பாடு.

கார்முகில்:
கோப்பெர்லில் வெப்பவெடிப்பு நிகழ்ந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நான் மறுப்பது அந்த எண்ணை மட்டுமே. மறுப்பதற்குக் காரணம் கருவி இல்லாதது அல்ல, காற்றின் இயல்பு.

இடிமழை அடங்கும் தறுவாயில் அதற்குக் கீழிருந்து மேலேறும் ஈரக்காற்று நின்றுவிடுகிறது. உயரத்தில் எஞ்சியிருக்கும் மழை, அடியில் உள்ள வறண்ட காற்றடுக்கில் விழும்போது ஆவியாகி அக்காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று கீழ்நோக்கிப் பாய்கிறது. பாதி வழியிலேயே மழைத்துளிகள் முழுவதும் ஆவியாகிவிட்டால், அதன்பின் அக்காற்றைக் குளிர்விக்க ஏதும் இல்லை. கீழே செல்லச் செல்ல அழுத்தம் கூடி அது அமுக்கப்படுவதால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9.8 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஒரு கட்டத்தில் அது சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாகி மீண்டும் மேலேற முனைகிறது. ஆனாலும் விழுந்த வேகத்தின் உந்தத்தால், இரவில் தரையை ஒட்டித் தேங்கியிருக்கும் குளிர்ந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொடுகிறது. வெப்பம் திடீரென ஏறுவதும், ஈரப்பதம் சரிவதும், காற்று சீறி வீசுவதும் ஒருசேர நிகழ்வது இதனால்தான்.

நன்கு பதிவான ஒரு நிகழ்வைப் பாருங்கள். 2011 ஜூன் 9 அன்று கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில், நள்ளிரவு 12.22 மணிக்கு 29.4 டிகிரியாக இருந்த வெப்பநிலை 12.42 மணிக்கு 38.9 டிகிரியைத் தொட்டது. கோடைக்காலத்தில் அச்சமவெளிக்கு மேல் கடல்மட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரத்தில் காற்று 12 டிகிரி அளவில் இருப்பது இயல்பு. விச்சிட்டா சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அந்தக் காற்று இறங்க வேண்டிய தொலைவு 2.6 கிலோமீட்டர், அது ஈட்டும் வெப்பம் ஏறக்குறைய 25 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 37 டிகிரி; கணக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது.

இதே கணக்கில் 60 டிகிரி வர வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும்? 5.8 கிலோமீட்டர் உயரத்தில் −5 டிகிரியில் உள்ள காற்று, வழியில் எதனோடும் கலக்காமல் தரைக்கு வந்தாலும் 52 டிகிரிதான் ஆகும். 60 டிகிரிக்கு அதைவிடவும் வெகு உயரத்திலிருந்து காற்று கலப்பின்றி விழ வேண்டும். அவ்வளவு சூடான காற்றை மேலே தள்ளும் மிதப்பு விசையும் மிகக் கடுமையாக இருக்கும். அதை எதிர்த்துத் தரைவரை வரக்கூடிய உந்தம் ஓர் ஓய்ந்த மழைக்கு எங்கிருந்து கிடைக்கும்? உலகில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டுள்ள மிக உயர்ந்த வெப்பநிலையே, 1913 ஜூலை 10 அன்று கலிபோர்னியாவின் டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரிதான்.

நெய்தல்:
இருவருக்கும் வணக்கம். கார்முகில் அவர்களின் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் கருகிய பயிருக்கு அதில் விடை இல்லையே. பயிர் பொய் சொல்லாது.

செங்கதிர்:
நெய்தல் கேட்டதையே நானும் கேட்கிறேன். அத்துடன் இரண்டு செய்திகள். ஊர்ப்புறங்களில் சுவரில் மாட்டிய வெப்பமானிகள் பகலில் வெயில்பட்டுக் கூடுதலாகக் காட்டும் என்பது வழக்கமான மறுப்பு. நள்ளிரவில் வெயில் ஏது? அந்த மறுப்பு இங்கே செல்லாது. இரண்டாவது, 1960-இல் நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தன. அவற்றில் பெரும்பாலும் மணிக்கு ஒருமுறைதான் குறிப்பெடுத்தனர். சில நிமிடங்களில் ஒரு சிறு பரப்பில் தோன்றி மறையும் நிகழ்வு அந்த வலையில் சிக்காததில் வியப்பில்லை. சிக்காததால் அது நிகழவில்லை என்று எவ்வாறு முடிவு கட்டுவது?

கார்முகில்:
வெயில் பற்றிய உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அந்த மறுப்பை நான் முன்வைக்கவும் இல்லை. பழைய நிலையங்களைப் பற்றிச் சொன்னதும் சரியே. ஆனால் இன்று அந்த வலை நெருக்கமாகிவிட்டது. ஓக்லஹோமா மாநிலத்தில் 1994 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கின்றன. அவற்றின் பதினைந்து ஆண்டுத் தரவில் 207 வெப்பவெடிப்புகள் கண்டறியப்பட்டன. ஒன்றுகூட 60 டிகிரியின் பக்கத்தில் வரவில்லை. அம்மாநிலத்தின் பகல்நேர உச்சமே 48.9 டிகிரிதான். 1996 மே 22 இரவில் அங்கே லாட்டன் நகரில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் காற்று வீசியது. கோப்பெர்லைவிட வலிய காற்று அது. ஆயினும் அதே நிகழ்வின்போது சிக்காஷாவில் 25 நிமிடங்களில் ஏறிய வெப்பநிலை 38.8 டிகிரியோடு நின்றது.

இனி, பயிர். பருத்திச் செடி உண்மையாகவே தீய்ந்து கரியாக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். 60 டிகிரிக் காற்று எதையும் கரியாக்காது. ஆகவே ஊரார் கண்டது எரிந்த பயிர் அல்ல. உலர்ந்த சூறைக்காற்று இலையின் ஈரத்தை வேர் ஈடுசெய்ய முடியாத வேகத்தில் உறிஞ்சியதால் பழுப்பேறிச் சுருண்ட பயிர். அதைச் செய்ய 42 அல்லது 45 டிகிரி வெப்பமும், மிகக் குறைந்த ஈரப்பதமும், அந்தக் காற்றும் போதும். அவர்கள் கண்டது முற்றிலும் உண்மை. அது 60 டிகிரிக்குச் சான்றாகாது.

நான் பிடிவாதமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த எண்ணை ஏற்றால், 1967-இல் ஈரானின் அபாதானில் 86.7 டிகிரி என்று உலவும் செய்தியை எதைக் கொண்டு மறுப்பீர்கள்? அதற்கு இடிமேகத்தின் உச்சியை ஒட்டிய காற்றே தரைக்கு வந்திருக்க வேண்டும்.

நெய்தல்:
பயிரைப் பற்றிய விளக்கம் எனக்கு நிறைவளிக்கிறது. வேளாண் நூல்களில் வறண்ட அனல்காற்றால் ஏற்படும் இலைக்கருகலைப் பற்றிச் சொல்லப்படுவதும் இதுவே.

செங்கதிர்:
அபாதானை நான் ஆதரிக்கவில்லை. அங்கே ஊர் சாட்சி சொன்னதாகக்கூட எதுவும் இல்லை. கோப்பெர்லைப் பொறுத்தவரை, 60 என்ற எண்ணை உறுதியென்று இனி நான் வாதிட மாட்டேன்; ஆனால் 40 என்று குறைத்து எழுதவும் உடன்பட மாட்டேன். விச்சிட்டாவில் 38.9 டிகிரியில் எந்தத் தாயும் பிள்ளையை ஈரத்துணியில் சுற்றியதாக நான் படித்ததில்லை. ஜூன் 14 மாலை டெக்சாஸில் ஏவப்பட்ட வானிலை பலூன்களின் அளவீடுகளைக் கொண்டு, எந்த உயரத்துக் காற்று எவ்வளவு வெப்பத்தோடு தரைக்கு வந்திருக்கக்கூடும் என்று கணக்கிடுவதே இதற்கு நேர்மையான வழி. அந்தக் கணக்கு 50 டிகிரி என்று சொன்னால் ஏற்பீர்களா?

கார்முகில்:
நிச்சயமாக ஏற்பேன். ஆனால் அக்கணக்கு தருவது மேல்வரம்பு மட்டுமே. இறங்கும் வழியில் கலந்த குளிர்காற்று எவ்வளவு என்பதைப் பலூன் சொல்லாது.