பேனாக் கட்டையின் முனை: வாரலா, மட்டமா, சீவலா?

அன்புடையீர்,

மரப்பேனா கடையும் வகுப்புக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லுக்காக இரண்டு நாளாக நிற்கிறது. முக்கால் அங்குலச் சதுரக் கட்டையில் 7 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டிக் காயவைத்தபின், கடைசல் எந்திரத்தில் ஏற்றுமுன் இரு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சரிசெய்கிறோமே, அந்த வேலைக்குப் பெயர் வேண்டும். ‘ட்ரிம்மிங்’ என்று எழுதிவிட மனமில்லை.

*

தம்பி,

புதுச்சொல் எதற்கு? பனையோலையை எழுதுவதற்கேற்ப ஒழுங்குசெய்வதை ஓலை வாருதல் என்றார்கள். வாரிய ஓலையிலும் துளையிட்டார்கள். “வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள” என்பது தொல்காப்பிய உரியியல். நேர்பு என்றால் நேராயிருத்தல். உங்களுக்கு வேண்டியது அதுதானே? கூரை வாரையும் இந்த வேரில் பிறந்ததே என்பது என் எண்ணம். அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

*

ஐயா,

நூற்பாவில் மறுப்பில்லை. ஆனால் ‘முனையை வாரவும்’ என்று படிக்கும் மாணவர் சீப்பைத் தேடுவார். செங்கோணம் பார்க்க ஆசாரிமார் வைத்திருக்கும் மூலைமட்டத்தை வைத்து ‘மட்டம் பிடித்தல்’ என்று இன்னொரு நண்பர் சொன்னது கேட்க இதமாக இருந்தாலும், தவறு அங்கேதான் நுழைகிறது. மூலைமட்டம் கட்டையின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. துளை சற்றே சாய்ந்து இறங்கியிருந்தால், வெளிப்பக்கத்துக்குச் சரியாக இருக்கும் முனை குழாய்க்குக் கோணலாகி, பேனாவைப் பூட்டியபின் மரத்துக்கும் உலோக வளையத்துக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் நகம் நுழையும். அதற்காகத்தான் முனையைச் சீவும் கருவியின் தண்டு குழாய்க்குள் போகிறது. மரத்தூளுக்கு நடுவே பித்தளை வட்டமாக மின்னியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் சீவினால் குழாய் குட்டையாகி, எவ்வளவு திருகினாலும் எழுதுமுனை முழுதாக உள்ளே போகாது. சென்ற வாரம் ஓர் ஈட்டிமரக் கட்டையை நானே இப்படிக் கெடுத்தேன்.

ஆகவே ‘முகஞ்சீவல்’, கருவி ‘முகஞ்சீவி’. பென்சில் சீவிய எவருக்கும் புரியும். வெற்றிலைக்கடைச் சீவல் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

*

தம்பி,

மூவர் ஒப்பியதால் நானும் ஒதுங்குகிறேன். ஆனால் மட்டத்தைக் குறைசொன்ன உங்கள் சொல்லில் செங்குத்து எங்கே இருக்கிறது? முகஞ்சீவி என்றதும் எனக்குச் சவரக்கத்திதான் தெரிகிறது. கையேட்டின் சொல்லடைவில் ‘வாருதல்’ என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.