பெரிய வீட்டுக் குழு: நிலாவின் டல்லாஸ் மேட்ச்

மாலதி: நிலா டீமுக்கு டல்லாஸ் வாலிபால் டோர்னமென்ட்டில் இடம் கிடைத்துவிட்டது. மே மாதம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. அம்மாவும் எங்களோடு வருகிறார்.

கீதா சித்தி: தங்கக்கட்டி! நன்றாக விளையாடட்டும்

சேகர் மாமா: வியாழன் ராத்திரியே வந்துவிடுங்கள். மாடி ரூம் உங்களுக்கு

உஷா அத்தை: அக்காவுக்குக் கீழ் ரூம். படி ஏற வேண்டாம்

மாலதி: மாமா, அதில்தான் ஒரு சிக்கல். அவர் விவரமாக எழுதுவார்.

முரளி: மாமா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த டோர்னமென்ட் ‘ஸ்டே டு ப்ளே’. வெளியூர் டீம் எல்லாம் அவர்கள் பட்டியலில் உள்ள ஹோட்டலில், அவர்கள் கொடுக்கும் லிங்க் வழியாகத்தான் ரூம் போட வேண்டும். எங்கள் டீமுக்குக் குறைந்தது 8 ரூம், 2 இரவு. அந்தக் கணக்கு வராவிட்டால் டீமையே நீக்கிவிடுவார்கள், கட்டின நுழைவுக் கட்டணமும் வராது. டீமில் 10 பெண்கள். ஒரு குடும்பம் பெரிய வண்டியில் வந்து அதிலேயே தங்குகிறது, இன்னொரு பெண்ணின் அப்பா டல்லாஸிலேயே இருக்கிறார். மிச்சம் சரியாக 8. நாங்கள் விலகினால் 7. டீம் மேனேஜரும் நான்தான். அதனால்தான் யோசிக்கிறேன்.

சேகர் மாமா: டல்லாஸ் பக்கத்திலேயே ஃப்ரிஸ்கோவில் நான் இருக்கும்போது ஹோட்டலா?

சேகர் மாமா: கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோதும் நண்பர் வீட்டில்தானே தங்கினீர்கள் மாப்பிள்ளை

பாஸ்கர்: ஆரம்பித்தாயிற்று

மாலதி: பாஸ்கர், நீ தூங்கு. திருச்சியில் நடுராத்திரி.

அம்மா: [குரல் பதிவு 0:41]

உஷா அத்தை: அக்கா, மிக்ஸி சத்தத்தில் பாதி கேட்கவில்லை

கீதா சித்தி: சேகர், மாப்பிள்ளை சொல்வது சரிதான். எங்கள் பையன் சாக்கரிலும் இதே விதி. ஒரு வீட்டில் விலை குறைவாகக் கிடைக்கிறதென்று அதே ஹோட்டலில் நேராகப் போட்டார்கள். டீம் கணக்கில் ஏறவே இல்லை.

சேகர் மாமா: அதே ஹோட்டல், அதே கட்டில். எப்படி ஏறாது?

முரளி: லிங்க் வழியாக வரும் ஒவ்வொரு ரூமுக்கும், ஒவ்வொரு இரவுக்கும், ஹோட்டல் ஒரு தொகையை டோர்னமென்ட்காரருக்குத் திருப்பித் தருவது வழக்கம். நடுவில் புக்கிங் பார்க்கும் கம்பெனிக்கும் பங்கு உண்டு. நேராகப் போட்டால் அது போகாது. அப்புறம், ‘எங்களால் உங்கள் ஊரில் இத்தனை ரூம் நிரம்பியது’ என்று காட்டித்தான் அரங்கத்தைக் குறைந்த வாடகைக்குக் கேட்கிறார்கள். ஊருக்கும் வரி வருகிறது. டெக்சாஸ் மாநில ஹோட்டல் வரியே 6 சதவீதம், நகர வரி தனி. மொத்தமாகப் பிடித்து வைத்த ரூம் நிரம்பாவிட்டால் டோர்னமென்ட்காரர் ஹோட்டலுக்கு ஈடு கட்டும்படியும் ஒப்பந்தம் போடுவார்கள். காரணம் எல்லாம் புரிகிறது மாமா. ஆனாலும் சொந்தக்காரர் வீடு இருக்கிறவர்களைக் கட்டாயப்படுத்துவது நியாயம் இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. கடைசியில் பணம் கட்டுவது பிள்ளையைப் பெற்றவர்கள்தான்.

சேகர் மாமா: எவ்வளவு?

மாலதி: ஒரு இரவுக்கு 189 டாலர், வரி தனி. பார்க்கிங் 35.

உஷா அத்தை: காரை நிறுத்த 35 டாலரா

கீதா சித்தி: டவுன்டவுனில் அப்படித்தான். 2025 மே மாதத்திலிருந்து கட்டாயக் கட்டணத்தை எல்லாம் ஹோட்டல் விலையோடு சேர்த்தே காட்ட வேண்டும் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி வந்துவிட்டது. பார்க்கிங் அதில் வராது, தனியாகத்தான் போடுவார்கள். ரத்து விதியைப் படித்துவிட்டுப் போடு மாலு. சில இடத்தில் ஹோட்டல் விதி ஒன்று, லிங்க் விதி ஒன்று.

பாஸ்கர்: நிலாவை மட்டும் கோச்சோடு ஹோட்டலில் விட்டுவிட்டு நீங்கள் மாமா வீட்டுக்குப் போங்கள். முடிந்தது

மாலதி: கூடவே கூடாது. கோச் பிள்ளைகளோடு ரூமைப் பகிரக் கூடாது என்று, விளையாட்டில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சேஃப்ஸ்போர்ட் அமைப்பின் விதி இருக்கிறது, அது நல்ல விதி. அதோடு அப்படிச் செய்தாலும் ரூம் கணக்கு 7தானே.

அம்மா: [குரல் பதிவு 0:12]

உஷா அத்தை: இது கேட்டது அக்கா. சனிக்கிழமை ஹனுமான் கோயிலுக்குக் கட்டாயம் போகலாம். பிரஷர் மாத்திரையை மறக்காமல் எடுத்து வாருங்கள்

பாஸ்கர்: மேட்ச் எத்தனை மணிக்கு? இங்கிருந்து பார்க்கலாமா?

மாலதி: காலைப் பிரிவு (வேவ்) என்றால் 8 மணி, உனக்கு மாலை 6.30. மதியப் பிரிவாகவும் இருக்கலாம். அட்டவணை கடைசி வாரத்தில்தான் வரும்.

கீதா சித்தி: 8 மணி மேட்ச்சுக்கு ஃப்ரிஸ்கோவிலிருந்து டவுன்டவுன் 30 மைல் சேகர். வெள்ளிக்கிழமை டிராஃபிக் வேறு.

சேகர் மாமா: நான் ஓட்டுகிறேன். தினமும் போகிற வழிதான்

முரளி: மேட்ச் முடிந்தும் உடனே கிளம்ப முடியாது மாமா. அடுத்த மேட்ச்சுக்கு லைன் ஜட்ஜ், ஸ்கோர் வேலை நம் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும்.

கீதா சித்தி: விலக்குப் படிவம் இருக்கிறதா பார்த்தீர்களா? சொந்தக்காரர் வீட்டில் தங்குபவர்களுக்குச் சில டோர்னமென்ட்டில் தருவார்கள். ரூம் போட வேண்டிய கடைசித் தேதிக்கு முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

முரளி: இருக்கிறது சித்தி. விலக்குக் கிடைத்தால் 8 என்பது 7 ஆகக் குறையுமா என்று அதில் எழுதவில்லை. அதைத்தான் மெயிலில் கேட்க வேண்டும். தங்கும் வீட்டு முகவரியும் கேட்கிறது.

சேகர் மாமா: என் முகவரி அவர்களுக்கு எதற்கு?

உஷா அத்தை: மாப்பிள்ளை, நான் தனியாக அனுப்புகிறேன்

சேகர் மாமா: உஷா

பாஸ்கர்: அத்தைக்கு ஒரு ஓ

மாலதி: மாமா, மற்ற பெண்களும் ஆறு மாதமாகப் பயிற்சி செய்கிறார்கள். நம்மால் அவர்கள் டீம் நின்றுவிடக் கூடாது. அம்மா எப்படியும் உங்கள் வீட்டில்தான். ஞாயிறு ராத்திரி நாங்களும் வந்து திங்கள் காலை கிளம்புகிறோம்.

சேகர் மாமா: ஒரே ஒரு ராத்திரியா

உஷா அத்தை: சனிக்கிழமை ராத்திரி டீமே சாப்பிட வரட்டும். பெண்களுக்குக் காரம் ஆகுமா?

மாலதி: கோச்சிடம் கேட்கிறேன் அத்தை. சனிக்கிழமை எப்போது முடியும் என்று தெரியவில்லை.

முரளி: இன்றைக்கே ஒரு ரூம் போட்டு வைக்கிறேன். மெயிலும் போடுகிறேன். விலக்குக் கிடைத்தால் ரத்து செய்யலாம்.

சேகர் மாமா: ரத்து செய்ய எந்தத் தேதி வரை?

முரளி: பார்த்துச் சொல்கிறேன் மாமா.

அம்மா: [குரல் பதிவு 1:07]