அல்சர் கிருமி ஆப்பிரிக்காவிலிருந்தே நம்மோடு வந்ததாமே, நிஜமா?

முதுநகர்க்காரன்:
அப்பாவுக்கு ஆறு மாதமாக வெறும் வயிற்றில் எரிச்சல். மஞ்சக்குப்பத்தில் எண்டோஸ்கோப்பி எடுத்ததில் சின்னப் புண், ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி பாசிட்டிவ், 14 நாள் மாத்திரை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் சாப்பிடுகிற பரோட்டா சால்னாதான் காரணம் என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். டாக்டரோ போகிற போக்கில், "இது மனுஷனோடயே ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த கிருமி" என்றார். சும்மா சொன்னாரா?

வில்லியனூர் வாத்தியார்:
நிஜம்தான். கிழக்கு ஆப்பிரிக்காவை விட்டுத் தள்ளிப் போகப் போக மனிதர்களிடம் மரபணு வேறுபாடு குறைந்துகொண்டே வரும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் கிளம்பிப் போனது ஒரு சின்னக் கூட்டம்தான். பல நாட்டு ஆட்களின் வயிற்றிலிருந்து இந்தக் கிருமியை எடுத்துப் பார்த்தால் அதிலும் அதே கணக்கு. சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் நம்மோடு கிளம்பியது என்று 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. இப்படி ஒட்டிக்கொண்டே வரக் காரணம், இது பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. என் பாட்டி சோற்றை மென்று, உருட்டித் தம்பி வாயில் வைப்பார், அந்த மாதிரி. சால்னாவை மன்னித்துவிடலாம்.

முத்தியால்பேட்டை மணி:
ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த ஓட்சி, 5,300 வருஷத்துப் பிணம், அவன் வயிற்றிலும் இது இருந்தது. இன்றைய ஐரோப்பியர்களிடம் இருப்பது ஆசிய, ஆப்பிரிக்க வகைகள் கலந்தது, அவனுடையதோ மத்திய, தெற்காசிய வகைக்குத்தான் நெருக்கம். நம்ம பக்கத்துச் சொந்தம்!

கெடிலக்கரை:
அவ்வளவு பழைய சொந்தம் என்றால் எதற்கு மாத்திரை போட்டுக் கொல்ல வேண்டும்?

வில்லியனூர் வாத்தியார்:
உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பேருக்குத் தொந்தரவே இல்லை, அதுவும் சரிதான். ஆனால் சிலருக்குப் புண், சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய். புண் வந்த பிறகு சொந்தம் பார்க்க முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களும் இவர் அம்மா மாதிரி காரம், கவலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, வாந்தியெடுத்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் கூட ஆராய்ந்த ராபின் வாரனோடு நோபல். மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்த விடாதீர்கள், மிச்சமிருப்பது மருந்துக்கு அடங்காது.

முதுநகர்க்காரன்:
நன்றி சார். ஆறாம் நாள், வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்கிறார். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ இதுவும் என் மாமியார் குடுத்ததுதானா" என்றார்.