எர்ணாவூர் மோதல்: தவறு யாருடையது, பணம் யார் தருவது?

எர்ணாவூர்க்காரர்:

கடந்த ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில், அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலை வழியாக ராயபுரம் நோக்கிக் காரில் வந்துகொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல இடப்பக்கம் வரிசை கட்டி நின்றிருந்தன. அவற்றை மெதுவாகக் கடந்துகொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற ஒரு டிரெய்லர் இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் ஒடித்து வெளியே வந்தது. அதன் பம்பர் முனை எங்கள் காரின் இடது பின்கதவைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் கதவோரம் அமர்ந்திருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

இறங்கிய உடனேயே ஓட்டுநர், "நீங்கதான் வேகமா உள்ள பூந்தீங்க" என்றார். கூடிய நாலைந்து பேரும், போலீஸ் என்று போனால் அலைச்சல்தான், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மா வலியில் துடித்துக்கொண்டிருந்ததால் எனக்கும் சம்மதித்துவிடலாம் என்றே தோன்றியது. ஆனாலும் வண்டிகளை ஓரங்கட்டும் முன் கைப்பேசியில் ஆறு படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றில், டிரெய்லரின் முன்சக்கரம் வலப்பக்கம் ஒடிந்து நிற்பதும், பின்னால் உள்ள நீண்ட சட்டம் இன்னும் வரிசையோடு நேராக இருப்பதும், எங்கள் கதவில் மஞ்சள் பெயின்ட் கோடாக ஒட்டியிருப்பதும் சேர்ந்தே பதிவாகியிருந்தன. நகர்ந்தது எந்த வண்டி என்பதற்கு அந்த ஒரு படமே பதில் சொல்லியது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அம்மாவுக்குக் கட்டுப் போட்டு, விபத்துப் பதிவேட்டு நகலையும் வாங்கிக்கொண்டு, அன்றே போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் புகார் கொடுத்தேன். எலும்பு முறிவு கொடுங்காயமாகக் கருதப்படுவதால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281, 125 ஆகிய பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானது.

இதற்குப் பிறகுதான் நம்மில் பலரும் குழம்புகிறோம். தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. என் காரைப் பழுதுபார்க்கும் செலவை யார் தருவது என்பது வேறு கேள்வி. முழுக் காப்பீடு இருந்தால், தவறு எவருடையதாக இருந்தாலும் நம் காப்பீட்டு நிறுவனத்திடமே கோரலாம். நானும் அப்படித்தான் செய்தேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்து, பாகங்களின் தேய்மானத்தைக் கழித்தார். கார் ஐந்தாம் ஆண்டில் இருந்ததால், 22,000 ரூபாய் உலோகப் பாகங்களில் 35 சதவீதமும், 6,000 ரூபாய் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதியும் கழிந்தன. பெயின்ட் கழிவும் கட்டாயப் பிடித்தமான 1,000 ரூபாயும் சேர்த்து என் கையிலிருந்து 13,200 ரூபாய் போயிற்று. நான்கு ஆண்டுகளாக ஒரு கோரிக்கையும் வைக்காமல் சேர்த்த 45 சதவீதப் பிரீமியச் சலுகையும் அடுத்த புதுப்பிப்பில் இல்லாமல் போய்விடும். நான் செய்யாத தவறுக்கு இது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அம்மாவின் காயத்துக்கான இழப்பீடு இதிலிருந்து முற்றிலும் வேறு வழியில் செல்கிறது. அது டிரெய்லரின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து வர வேண்டியது. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி, உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் இந்தக் காலக்கெடு கிடையாது என்பதால், பழைய அனுபவத்தை வைத்து "மெதுவாகப் போடலாம்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எனக்கும் விபத்தில் பங்கு உண்டு என்று டிரெய்லரின் காப்பீட்டு நிறுவனம் வாதிடுகிறது. அப்படியே தீர்ப்பானாலும், காரில் பயணியாக இருந்த அம்மாவின் தொகை அதனால் குறையாது. இருவர் தவறால் மூன்றாமவர் காயமடைந்தால், அவர் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது.

தண்டையார்பேட்டை வாசகி:

சகோதரர் படம் எடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஒன்று என் காரின் முன்பக்கத்தில் மோதியபோது, கூட்டத்தின் நெருக்குதலில், "இருவர் மீதும் தவறு, மேற்கொண்டு பிரச்சினை இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டு 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீடு 38,000 ஆனது. காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் பேசவோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருப்பதை அப்போதுதான் படித்தேன். அதையும், தகவல் தருவதில் நேர்ந்த ஒன்பது நாள் தாமதத்தையும் காட்டிக் கோரிக்கையை நிராகரித்தார்கள். உண்மையான கோரிக்கையைத் தாமதத்தை மட்டும் காரணமாக்கி நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் அனுப்பிய சுற்றறிக்கையை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். அங்கும் மறுத்ததால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனேன். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் இறுதி மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆட்டோக்காரரிடம் வாங்கிய 3,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லி முடிவானது. சகோதரரின் அம்மா நலமா?

எர்ணாவூர்க்காரர்:

விசாரித்ததற்கு நன்றி, சகோதரி. எலும்பு கூடிவிட்டது, ஈரத் துணியைப் பிழியத்தான் இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவில் என்னைக் குறுக்கு விசாரணை செய்வார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். படத்தை அச்சிட்டு, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழோடு தாக்கல் செய்துவிட்டோம். அதை எடுத்த பழைய கைப்பேசியை விற்காமல், அழிக்காமல், அம்மாவின் எக்ஸ்ரே உறையோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.